தலைமடை முதல் கடைமடை வரை: காவிரிப் பாசனச் சொற்களின் வரலாறு

1. முன்னுரை

ஓர் ஆற்றின் வரலாற்றைக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் அரசு ஆவணங்களிலும் தேடுவது வழக்கம். அவ்வாற்று நீரைக்கொண்டு உழவு செய்யும் மக்களின் வாய்ச்சொற்களிலும் அவ்வரலாறு பதிந்துள்ளது. நீரைத் தடுப்பவர், திறப்பவர், பங்கிடுபவர், வரி வாங்குபவர், வழக்காடுபவர் என ஆற்றோடு தொடர்புகொண்ட ஒவ்வொரு சாராரும் தமக்கு வேண்டிய சொற்களை விட்டுச் சென்றுள்ளனர். இச்சொற்களை அடுக்கடுக்காகப் பிரித்து நோக்கினால், நீரின்மீது யாருக்கு எப்போது உரிமை இருந்தது என்பது ஓரளவு புலப்படும்.

இக்கட்டுரை காவிரியாற்றுப் பாசனச் சொற்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவற்றின் வரலாற்றையும், அவற்றை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்க்கும்போது எழும் சிக்கல்களையும் ஆராய்கிறது. காவிரிநீர்ப் பங்கீடு தமிழ், கன்னடம், மலையாளம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் பேசப்பட்டுவரும் பொருளாதலின், சொல்லின் பிழை நீரின் பிழையாக மாறும் வாய்ப்பு இங்கு மிகுதி. மொழிபெயர்ப்பாளர்கள் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆறும் பருவங்களும்

குடகு நாட்டில் பிரமகிரி மலைப்பகுதியில் தலைக்காவிரியில் தோன்றும் காவிரி, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் கலக்கிறது. அதன் வடிநிலப் பரப்பு சுமார் 81,155 சதுர கிலோமீட்டர். ஏமாவதி, கபினி, சிம்சா, அர்க்காவதி முதலியன கருநாடகப் பகுதியிலும், பவானி, நொய்யல், அமராவதி முதலியன தமிழகப் பகுதியிலும் வந்து சேர்கின்றன.

இவ்வாற்றின் தனித்தன்மை, அது இரண்டு பருவமழைகளுக்கிடையே அமைந்திருப்பதாகும். மேல்பகுதி தென்மேற்குப் பருவமழையால் ஜூன் முதல் செப்டம்பர் வரை நிரம்புகிறது. கீழேயுள்ள கழிமுகச் சமவெளி தன் மழையைப் பெரும்பாலும் அக்டோபருக்குப் பின் வடகிழக்குப் பருவத்திலேயே பெறுகிறது. ஆகவே தஞ்சை உழவர் தம் வயலில் மழை பெய்யாத காலத்தில், தொலைவில் உள்ள மலையில் பெய்த மழையைக்கொண்டு நாற்றுவிடுகின்றனர். ஆடித் திங்கள் 18ஆம் நாளில் கொண்டாடப்படும் ஆடிப்பெருக்கு, கண்காணா மழையின் வரவை ஏற்கும் விழா எனலாம்.

கழிமுகப் பகுதியின் நெற்பருவப் பெயர்கள் இவ்வமைப்பிலிருந்தே பிறந்தன. ஜூனில் தொடங்கி நான்கு திங்களுக்குள் முடியும் குறுகிய காலப் பயிர் குறுவை. ஆகஸ்டில் தொடங்கித் தைத் திங்கள் வரை நிற்கும் நீண்ட காலப் பயிர் சம்பா. குறுவை அறுத்த வயலில் அதன் தாள் மறையும் முன்னரே உழுது நடப்படுவது தாளடி. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது என்னும் மரபும் குறுவையின் தேவையை ஒட்டியதே.

தாமிரபரணிக் கரையில் இதே நெற்பருவங்கள் கார், பிசானம் என வழங்குகின்றன. காவிரியின் மேல்பகுதியான பழைய மைசூர் நாட்டிலோ கார், ஹைன் என்னும் பெயர்கள் வழங்கின. ஒரே ஆற்றின் இரு பகுதிகள் பருவப் பெயரில் ஒன்றுபடவில்லை; வேறோர் ஆற்றங்கரையின் பெயரோ மைசூர்ப் பெயரோடு ஒன்றுபடுகிறது. பருவப் பெயர்கள் ஆற்றைக் காட்டிலும் மழையைப் பின்பற்றுகின்றன என்பதற்கு இது சான்று.

3. பொதுத் திராவிட அடுக்கு: சிறை, ஏரி, தூம்பு

நீரைத் தடுத்தல், தேக்குதல், திறத்தல் ஆகிய அடிப்படை வினைகளுக்குரிய சொற்கள் தமிழிலும் கன்னடத்திலும் பெரும்பாலும் ஒரே வேரின. தமிழில் தூம்பு எனப்படும் நீர்போக்கி கன்னடத்தில் தூபு. தமிழ் அணைக்கட்டு கன்னடத்தில் அணெகட்டு. வேர் ஒன்றாயினும் பொருள் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பதில்லை.

கன்னடத்தில் நீர்த்தேக்கத்தைக் குறிக்கும் சொல் கெறெ. இக்கால வழக்கில் கெரெ. தெலுங்கில் செறுவு. இவற்றுக்கு இனமான தமிழ்ச் சொல் சிறை. முன்னுயிருக்கு முன்வரும் ககரம் தமிழிலும் தெலுங்கிலும் சகரமாக மாற, கன்னடம் ககரத்தைக் காத்துக்கொண்டது என்பது திராவிட ஒப்பிலக்கணத்தில் நன்கு நிறுவப்பட்ட விதி. தமிழில் சிறை என்பது அணை, கரை, தடுப்பு என்னும் பொருள்களில் வழங்கிப் பின்னர்ப் பெரும்பாலும் மனிதரை அடைக்கும் இடத்திற்கே உரியதாகிவிட்டது. நீர் தேங்கும் இடத்திற்குத் தமிழர் கொண்ட சொல் ஏரி.

கன்னடத்திலும் ஏரி என்னும் சொல் உண்டு. ஆயின் அங்கு அது நீர்நிலையைக் குறிக்காது. நீர்நிலையின் கரையைக் குறிக்கும். கெரெ ஏரி என்னும் கன்னடத் தொடருக்கு ஏரிக்கரை என்பதே பொருள். ஏரி உடைந்தது எனக் கன்னடத்தில் எழுதப்பட்டால் உடைந்தது கரை. தமிழிலும் அவ்வாறே கூறுவதால் பொருள் தற்செயலாகப் பொருந்திவிடுகிறது. ஆனால் ஏரியை உயர்த்துதல் எனக் கன்னடத்தில் வந்தால் அது கரையை உயர்த்துதலாகும். அதனை அப்படியே தமிழில் எழுதினால் நீர்நிலையின் கொள்ளளவோ நீர்மட்டமோ உயர்த்தப்பட்டதாகப் பொருள்பட்டுவிடும். கரையைப் பழுதுபார்ப்பதும் கொள்ளளவைக் கூட்டுவதும் மாநிலங்களுக்கிடையிலான நீர்வழக்கில் இருவேறு செயல்கள். வேற்றுச் சொல்லைக் கண்டால் அகராதியைப் புரட்டும் மொழிபெயர்ப்பாளர், தன் மொழிச் சொல்லைக் கண்டால் ஐயுறுவதில்லை. இனமொழிகளுக்கிடையே இதுவே பெரிய இடர்.

இடப்பெயர்களிலும் இவ்வுறவு வெளிப்படும். ஒகேனக்கல் என்பது கன்னட ஹொகெ, கல் என்பவற்றிலிருந்து வந்தது. ஹொகெ தமிழ்ப் புகையின் இனச்சொல். பகரம் கன்னடத்தில் ஹகரமானது. அருவியின் நீர்த்துளிகள் புகைபோல் எழும் பாறையைத் தமிழ் எல்லையில் தமிழர் இன்றும் கன்னடப் பெயராலேயே அழைக்கின்றனர்.

4. கரையும் கண்ணாறும்: சோழர் கால அடுக்கு

கல்லணையைக் கட்டியவன் கரிகாலன் என்பது நெடிய மரபு. எனினும் கரிகாலனைப் போற்றும் பிற்காலச் செப்பேடுகள் கூறுவது யாது என்பது நோக்கத்தக்கது. முதலாம் இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடும், தெலுங்கு நாட்டுச் சோழர் வழியினரின் மாலேபாடுச் செப்பேடும் அவன் காவிரிக்குக் கரை எடுத்து வெள்ளத்தை அடக்கிய செய்தியையே கூறுகின்றன. அணை நீரைத் திருப்புவது; கரை நீரை அடக்குவது. இரண்டும் வெவ்வேறு பணிகள். கழிமுகப் பகுதியில் உழவு பரவத் தேவைப்பட்ட முதற்பணி வெள்ளத்திலிருந்து நிலத்தைக் காப்பது என்பதை இச்சான்றுகள் உணர்த்துகின்றன. கல்லணையின் தொன்மையை இது மறுப்பதாகாது. நினைவில் நின்ற சாதனை எது என்பதையே காட்டுகிறது.

ஆற்றின் கிளைகளுக்கு அமைந்த பெயர்களும் வரலாறு கூறுவன. கொள்ளிடம் என்பது மிகைநீரைக் கொள்ளும் இடம். வெட்டாறு மனிதர் வெட்டியது என்பதைப் பெயரே காட்டுகிறது. கோரையாறு கரையில் வளர்ந்த புல்லால் பெயர் பெற்றது. ஓடம்போக்கி போக்குவரத்தால் பெயர் பெற்றது. வீரசோழன், முடிகொண்டான், கீர்த்திமான் என்பன அரசரையும் அவர்தம் விருதுகளையும் நினைவூட்டுவன. இயற்கையால் பெயர் பெற்றன, தொழிலால் பெயர் பெற்றன, அரசால் பெயர் பெற்றன என இவற்றை மூவகைப்படுத்தலாம். முதலாம் இராசராசன் காலத்தில் வளநாடுகள் பலவற்றுக்கு ஆறுகளே எல்லையாயின. அவற்றின் பெயர்களோ அரசனின் விருதுப் பெயர்களாயின.

சோழர் கல்வெட்டுகளில் ஒரு வயலின் இருப்பிடம் இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதுக்கம் எனக் குறிக்கப்படுகிறது. வாய்க்காலிலிருந்து பிரியும் சிறுகால் கண்ணாறு. நிலத்தின் முகவரி நீரின் வழியாக எழுதப்பட்டது என்பதே இதன் சிறப்பு. தஞ்சைப் பகுதியில் நில அளவையும் நெல்லை ஒட்டியே நின்றது: 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர்.

இக்கல்வெட்டுகளில் மிகுதியாகக் காணப்படும் மற்றொரு சொல் வெட்டி. குடிகள் ஊதியமின்றிச் செய்யவேண்டிய உழைப்பு அது. நீர்நிலைப் பணிகளும் அவ்வுழைப்பால் நடைபெற்றன. இன்றைய தமிழில் வெட்டி என்றால் பயனற்றது. கூலியில்லாத வேலை பயனில்லாத வேலையாகப் பொருள் திரிந்தமை இயல்பே. உழைத்தவர் நோக்கில் நின்றால் இவ்விரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

5. மிராசும் மராமத்தும்

தஞ்சையில் மராத்தியர் ஆட்சி 1676 முதல் 1855 வரை நீடித்தது. 1799இல் நாட்டின் நிருவாகம் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. இக்காலப் பகுதியில் அரபு, பாரசீகச் சொற்கள் வருவாய்த்துறை வழியாகத் தஞ்சைத் தமிழில் வேரூன்றின. மரபுரிமையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்த மிராசு, நிலவுடைமையாளரைக் குறிக்கும் மிராசுதார் ஆயிற்று. அறுவடையைக் குறிக்கும் அரபுச் சொல், ஜூலை 1இல் தொடங்கும் வருவாய் ஆண்டாகிய பசலி ஆயிற்று. படையைக் குறிக்கும் பாரசீகச் சொல்லோ, கப்பல் வேலையாளைக் கடந்து, மதகுகளைத் திறந்து மூடும் பொதுப்பணித்துறைக் கடைநிலை ஊழியரான லஸ்கர் ஆயிற்று.

இவற்றுள் தனிக் கவனத்திற்குரியது குடிமராமத்து. தமிழ்க் குடியும், பழுதுபார்த்தலைக் குறிக்கும் அரபு மராமத்தும் இணைந்த கலப்புத்தொகை இது. கால்வாய்களைத் தூர்வாரிக் கரைகளைச் சீர்செய்யும் பொறுப்பு ஊராருடையது என்பதே இதன் உட்பொருள். ஊராரின் தன்னாட்சிக்குச் சான்றாக இம்மரபு பாராட்டப்படுவதுண்டு. எனினும் 1858ஆம் ஆண்டு மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் இவ்வழக்கத்திற்குச் சட்ட வலிமை அளித்தபோது, அச்சட்டத்தின் பெயரிலேயே கட்டாயம் என்னும் சொல் இடம்பெற்றது. ஊர்கூடிச் செய்தல் என்று ஒருவர் கூறுவது மற்றொருவருக்குக் கட்டாய உழைப்பாக இருந்தது. மண்வெட்டி பிடித்தவர் பெரும்பாலும் நிலமற்ற பண்ணையாட்களே.

பண்ணையாள் என்னும் சொல் 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரிலேயே இடம்பெற்றது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் கூலிப் பூசலின் பின்னணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். நெற்களஞ்சியம் என்னும் புகழ்ப்பெயரால் கழிமுகப் பகுதியைச் சுட்டும்போது இதனையும் உடன் நினைதல் வேண்டும். 2017இல் தமிழக அரசு நீர்நிலைச் சீரமைப்புத் திட்டம் ஒன்றைக் குடிமராமத்து என்னும் பெயரால் தொடங்கியது. பழைய சொல் திரும்பி வந்தது. ஆனால் அதன் பொருள் அரசு நிதியில் நடைபெறும் பணி என மாறியிருந்தது. இச்சொல்லை வேறு மொழியில் பெயர்ப்பவர் அது எந்த நூற்றாண்டின் குடிமராமத்து என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

6. அணைக்கட்டின் பயணம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்து, அது மிகுநீரை இழுத்துக்கொள்ள, காவிரிக் கிளை மணலேறித் தூர்ந்துவந்தது. இதனை மாற்ற ஆர்தர் காட்டன் 1836ஆம் ஆண்டையொட்டி முக்கொம்பில் மேலணையையும், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் கீழணையையும் அமைத்தார். மணற்படுகையில் அடித்தளம் இடும் முறையைக் கல்லணையைக் கண்டே கற்றதாக அவர் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

பொறியியலோடு சொல்லும் பயணம் செய்தது. அணைக்கட்டு ஆங்கிலத்தில் ஆனிகட் ஆயிற்று. காட்டனுடன் அது கோதாவரிக்குச் சென்றது. 1852இல் தவளேஸ்வரத்தில் முடிவுற்ற அணையும் அப்பெயரே பெற்றது. பின்னர்ப் பீகாரில் சோன் ஆற்றுக்கும் சென்றது. இன்றும் இராசத்தானில் சிறு தடுப்பணைகளை எனிகட் என்றே குறிப்பிடுகின்றனர். அது தமிழ்ச் சொல் என்பதை அங்குள்ளோர் அறிந்திருக்க வேண்டியதில்லை. ஏரியின் மிகைநீர் வழியும் கலிங்கும் இவ்வாறே ஆங்கிலப் பாசன அறிக்கைகளில் இடம்பெற்றது.

சென்ற சொல் திரும்பி வந்தபோது அதனைத் தமிழர் அடையாளம் காணவில்லை. கல்லணை ஆங்கிலத்தில் கிராண்ட் ஆனிகட் ஆகி, அதிலிருந்து 1930களில் வெட்டப்பட்ட கால்வாய் அலுவலகத் தமிழில் ஜி.ஏ. கெனால் ஆயிற்று. பட்டுக்கோட்டைப் பக்கத்து உழவர்களோ அதற்குப் புது ஆறு எனப் பெயரிட்டனர். ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆன பின்னரும் அது புது ஆறாகவே இருக்கிறது. பெயரிடும் உரிமையை ஊரார் இழந்துவிடவில்லை என்பதற்கு இது சான்று. மதகின் அடைப்புப் பலகையைக் குறித்த ஆங்கிலச் சொல், சட்ரஸ் என உருமாறி நீரொழுங்கி முழுவதையும் குறிப்பதும் இத்தகைய மாற்றமே. நீரொழுங்கி என்னும் கலைச்சொல் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. சட்ரஸ் மக்கள் நாவில் இருக்கிறது.

7. ஒப்பந்தமும் தீர்ப்பும்

மைசூரும் சென்னை மாகாணமும் 1892இல் செய்துகொண்ட உடன்பாடு, முன்கூட்டித் தெரிவிக்காமல் மைசூர் அரசு புதிய பாசன வேலைகளை மேற்கொள்ளலாகாத எல்லைகளை வரையறுத்தது. எது புதிய வேலை, எது பழையதன் மராமத்து என்னும் வினா அன்றே தோன்றிவிட்டது. 1924 ஒப்பந்தம் கிருஷ்ணராஜ சாகருக்கும், 1934இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணைக்கும் வழிவகுத்தது. அவ்வொப்பந்தத்தின் சில கூறுகள் 50 ஆண்டுகளுக்குப் பின் மறுபரிசீலனைக்குரியன என்பது விதி. 1974இல் ஒப்பந்தமே காலாவதியாயிற்று எனக் கருநாடகமும், குறிப்பிட்ட கூறுகள் மட்டுமே மறுபரிசீலனைக்குரியன எனத் தமிழகமும் வாதிட்டன. 2018இல் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தம் 1974இல் முடிவுற்றதாகக் கொண்டது. காலாவதி, மறுபரிசீலனை என்னும் இரு சொற்களுக்கிடையே 44 ஆண்டுகள் கழிந்தன.

1990 ஜூன் 2இல் நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. 2007 பிப்ரவரி 5இல் வந்த இறுதித் தீர்ப்பு மொத்த நீரை 740 டி.எம்.சி. எனக் கொண்டு, தமிழகத்திற்கு 419, கருநாடகத்திற்கு 270, கேரளத்திற்கு 30, புதுச்சேரிக்கு 7 எனப் பங்கிட்டது. எஞ்சிய 14 சுற்றுச்சூழலுக்கும் தவிர்க்க இயலாது கடல்சேரும் நீருக்கும் ஒதுக்கப்பட்டது. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 404.25 ஆகவும் கருநாடகத்தின் பங்கை 284.75 ஆகவும் மாற்றியது.

இவ்வழக்கு ஓர் ஆங்கில முதலெழுத்துச் சொல்லைத் தமிழ்ப் பேச்சுச் சொல்லாக்கிற்று. டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. ஒரு நாள் முழுதும் நொடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி நீர் ஓடினால் சேர்வது ஒரு டி.எம்.சி. விரிவறியாத உழவரும் இச்சொல்லைப் பிழையின்றி ஆள்கின்றனர். முன்னர் நீரைப் பயிரால் அளந்தவர்கள் இப்போது கொள்ளளவால் அளக்கின்றனர்.

8. தாளடியை எவ்வாறு பெயர்ப்பது?

ஆங்கில ஆவணங்களில் குறுவை, சம்பா, தாளடி என்பன தமிழ்ச் சொற்களாகவே வருகின்றன. அது நல்ல வழக்கம். இடர் எழுவது அவற்றை விளக்க முற்படும்போதுதான். தாளடியை இரண்டாம் போகம் என்றால் அது கூடுதலாகப் பயிரிடப்படுவது என்னும் தோற்றம் உண்டாகிறது. பின்சம்பா என்றால் குறுவைக்கும் அதற்கும் உள்ள தொடர்பு மறைகிறது. தாளடி என்னும் சொல்லோ தனக்கு முன் அவ்வயலில் குறுவை இருந்தது என்பதைத் தன் உறுப்பிலேயே கொண்டுள்ளது. குறுவை இல்லையேல் தாளடி இல்லை. அந்நிலத்தில் சம்பாவே நடப்படும். ஜூனில் நீர் வராவிடின் இழக்கப்படுவது ஒரு பயிர் மட்டுமன்று, அடுத்த பயிரின் பெயரும் காலமும் மாறிவிடுகின்றன. பயிர்ப்பரப்பையும் பருவத்தையும் கொண்டு நீர்த்தேவை கணக்கிடப்படும் வழக்கில் இவ்வேறுபாடு சிறிதன்று.

சம்பா என்னும் சொல்லும் எச்சரிக்கைக்குரியது. கழிமுகத்தில் அது பருவம். பிற இடங்களில் நெல்வகையின் பெயரொட்டு. இரண்டையும் ஒன்றாக்கி எழுதப்பட்ட புள்ளிவிவரம் பரப்பைத் தவறாகக் காட்டக்கூடும்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படும். முதலாவதாக, பாசனச் சொல்லின் பொருள் இடத்தாலும் பருவத்தாலும் காலத்தாலும் வரையறுக்கப்படுவது. பொதுவான அகராதிப் பொருள் போதாது. இரண்டாவதாக, இனமொழிகளில் ஒத்த வடிவுடைய சொற்களே மிகுந்த கவனத்திற்குரியவை. மூன்றாவதாக, நீரைக் கையாண்டவரின் சொற்கள் ஆவணங்களில் மிகக் குறைவாகவே இடம்பெற்றுள்ளன. நீர்பாய்ச்சுபவரைக் குறிக்கும் நீராணி, நீர்க்கட்டி, மடைக்குடும்பன் முதலிய வட்டாரச் சொற்கள், அப்பணியாட்கள் மறைய மறைய வழக்கொழிந்து வருகின்றன. ஆழ்துளைக் கிணறு உள்ள இடத்தில் முறை வைத்து மடை திறப்பவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாத இடத்தில் சொல்லும் நிலைப்பதில்லை.

எனவே தமிழ், கன்னடம், மலையாளம், ஆங்கிலம் ஆகியவற்றில் காவிரிப் பாசனச் சொற்களுக்கென ஒரு பன்மொழி அகராதி தொகுக்கப்படல் வேண்டும். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் அது வழங்கும் ஊர், பருவம், பயன்படுத்துவோர் ஆகிய மூன்றும் குறிக்கப்பட வேண்டும். இப்பணி கழிமுகத்தின் கடைக்கோடியில் தொடங்குதல் நலம். தலைமடையில் நீரைக் குறிக்கச் சில சொற்களே போதும். அங்கு நீர் தானாக வந்து சேர்கிறது. கடைமடையில் நீர் வந்த நாள், வராத நாள், வந்தும் ஏறாத நாள், ஏறியும் வடியாத நாள் என ஒவ்வொன்றையும் பிரித்துக் கூறவேண்டிய தேவை மக்களுக்கு இருக்கிறது. அங்குள்ள முதியோர் இருக்கும்போதே அச்சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்வது மொழியியலாளர் உடனடியாக மேற்கொள்ளவேண்டிய கடமையாகும்.